வலிப்பு வந்த பச்சிளங்குழந்தை: உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

பெரியவர் ஒருவருக்கு வலிப்பு வந்தால் தெருவே கூடிவிடும். பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு வந்தால், பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்குக்கூடத் தெரியாமல் போய்விடலாம். கண்கள் இரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பி நிலைகுத்தி நிற்கும். வாய் பால் தேடுவதுபோலச் சப்புக்கொட்டும். கால்கள் சைக்கிள் மிதிக்கும். சில நேரம் எந்த அசைவும் இருக்காது. மூச்சு மட்டும் நின்று உதடு நீலம் பாரிக்கும். மூளையின் நரம்பிழைகளுக்கு இன்னும் மேலுறை முழுதாகப் படியாத பருவம் அது. மின்கிளர்ச்சி ஓரிடத்தில் கிளம்பினாலும், இரு பக்கமும் ஒருசேரப் பரவி உடம்பு முழுவதையும் உதறவைக்க வழி அமைந்திருக்காது. "கை கால் வெட்டி வெட்டி இழுக்குது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காட்சி இந்த வயதில் வலிப்பின் ஒரு வடிவம் மட்டுமே.

பிறந்து 28 நாள் வரையிலான குழந்தையை மருத்துவம் பச்சிளங்குழந்தை என்கிறது. மனித ஆயுளில் வலிப்பு மிகுதியாக வரும் காலம் இதுதான். உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு வருகிறது என்பது பொதுவான கணக்கு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு 1990களில் செய்த ஆய்வில் இது 1,000க்கு 2.6. நிறைமாதக் குழந்தைகளில் 2, குறைமாதக் குழந்தைகளில் 11. வலிப்பு வந்தவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள்? அமெரிக்காவின் ஏழு பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 426 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்கள் 17% என்கிறது. எல்லா வசதியும் உள்ள இடங்களிலேயே ஆறு பேரில் ஒருவர். வசதி குறைந்த மருத்துவமனைகளில் இதைவிடக் கூடுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் ஒப்பிட்டு, 'மரணத்துக்கான ஆபத்துக் காரணிகள்' என்று அட்டவணை போடும் ஆய்வுகள் இந்தோனேசியாவிலிருந்து இத்தாலி வரை நிறைய உண்டு. பட்டியல் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: குறைந்த எடை, குறைமாதம், குறைந்த ஆப்கார் (பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குப் போடும்) மதிப்பெண், பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்த வலிப்பு, மருந்துக்கு அடங்காத வலிப்பு, வென்டிலேட்டர் தேவைப்பட்டது, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. மோசமாக இருந்தது, வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டது. படிக்கும்போது எல்லாம் ஒரே எடை கொண்டவைபோலத் தோன்றும். என் பார்வையில் இந்தப் பட்டியலின் குறை அங்கேதான் இருக்கிறது. இவற்றில் சில குழந்தையைக் கொல்பவை. சில, கொல்லும் ஒன்று உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் சாட்சிகள். இன்னும் சில, நாம் செய்ததும் செய்யாமல் விட்டதும். மூன்றையும் ஒரே பத்தியில் அடுக்கிவைத்தால், எதை மாற்றினால் எந்தக் குழந்தை பிழைக்கும் என்ற கேள்வி காணாமல் போகிறது.

அழாத குழந்தை

நிறைமாதக் குழந்தைக்கு வரும் வலிப்பின் முதல் காரணம் உலகெங்கும் ஒன்றே. பிரசவத்தை ஒட்டி மூளைக்குப் போகும் ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோவது. வார்டு மொழியில் எச்.ஐ.இ.; தாயின் மொழியில், "பிறந்ததும் குழந்தை அழவே இல்லை". மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் 38% குழந்தைகளுக்கு இதுவே காரணம். அடுத்து மூளை ரத்தக்குழாய் அடைப்பு 18%, மூளைக்குள் ரத்தக்கசிவு 11%.

காரணம் எது என்பதிலேயே முடிவின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பால் வலிப்பு வரும் நிறைமாதக் குழந்தை, ஒரு கை மட்டும் துடித்துக்கொண்டிருக்க, மற்றபடி பால் குடித்துக்கொண்டு கண் விழித்துக் கிடக்கும். பின்னாளில் ஒரு பக்கக் கை கால் பலவீனம் வரலாம். உயிர் போவது அரிது. எச்.ஐ.இ. அப்படியில்லை. ஆக்சிஜன் பஞ்சம் மூளையோடு நிற்பதில்லை. இதயம் சரியாகச் சுருங்காது, ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்யும், கல்லீரல் பாதிக்கப்பட்டு ரத்தம் உறையாமல் போகும், நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்ளும். குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டுத் தாக்குதல்தான். ஐந்தாம் நிமிட ஆப்கார் குறைவு, ரத்தத்தில் அமிலம், வென்டிலேட்டர், ரத்த அழுத்த மருந்து என்று அட்டவணையில் தனித்தனி வரிகளாக வருபவை எல்லாம் இந்த ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணத்திலிருந்து அளப்பவை. அவற்றைத் தனித்தனிக் காரணிகளாக எண்ணுவது ஒரே ஆளை நாலு தடவை எண்ணுவதுதான்.

இதில் ஒரு முரண் உண்டு. 1976இல் சார்னட் தம்பதியர் 21 குழந்தைகளைக் கவனித்து எச்.ஐ.இ.யை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அதுவே அளவுகோல். வலிப்பு அதிகமாக வருவது நடுத்தரமான இரண்டாம் நிலையில். மூன்றாம் நிலையில், குழந்தை துவண்டு, உறிஞ்சும் அனிச்சையும் இல்லாமல், ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும்போது வலிப்பு குறைந்தே காணப்படும். வலிப்பை உண்டாக்கக்கூட அந்த மூளைக்குத் தெம்பில்லை. மரணம் மிகுதியாக இருப்பதோ அந்த மூன்றாம் நிலையில். வலிப்பு நின்றுவிட்டது என்று நிம்மதி கொள்ளும் முன், குழந்தை விழித்ததா, பால் உறிஞ்சியதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். வலிப்பின் எண்ணிக்கையைவிட, இரண்டு வலிப்புக்கு நடுவே குழந்தை எப்படி இருக்கிறது என்பது மரணத்தை நன்றாக முன்னுரைக்கும்.

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருப்பது பணக்கார நாடுகளில் எச்.ஐ.இ.க்கு நிலைபெற்ற சிகிச்சை. பதினொரு ஆய்வுகளில் 1,505 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, இது மரணத்தை நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. விலையுயர்ந்த கருவி வாங்க முடியாத ஊர்களுக்காக, உருகும்போது வெப்பத்தை உள்வாங்கும் பொருளைக் கொண்டு மலிவான படுக்கை ஒன்றை உருவாக்கும் வேலையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இவ்வளவு நம்பிக்கைக்குப் பிறகு 2021இல் ஹீலிக்ஸ் ஆய்வு வெளிவந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் ஏழு மருத்துவமனைகளில், சென்னையும் அதில் உண்டு, 408 குழந்தைகளிடம் குளிர்விப்பைச் சோதித்தார்கள். குளிர்வித்த குழுவில் 42% பேர் இறந்தார்கள். குளிர்விக்காத குழுவில் 31%. காப்பாற்றும் என்று நினைத்த சிகிச்சை இங்கே கூடுதல் உயிர்களை வாங்கியது.

ஏன் என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. ஒரு விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேலைநாட்டு ஆய்வுகளில் மூளைப் பாதிப்பு பெரும்பாலும் பிரசவத்தின்போது திடீரென்று நேர்ந்த ஒன்று. சேதம் முற்றுவதற்குள் ஆறு மணி நேர அவகாசம் கிடைக்கிறது. ஹீலிக்ஸ் குழந்தைகளில் பலருக்கு, ஆய்வில் சேர்க்கும்போதே வலிப்பு வந்துவிட்டிருந்தது. பாதிப்பு முன்பே, நீண்ட நேரம் இழுத்துக்கொண்டே போன பிரசவவலியின் ஊடே, கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்க வேண்டும். அப்படியானால் 'முதல் ஆறு மணி நேரத்தில் வலிப்பு' என்ற ஆபத்துக் காரணி, குழந்தையைப் பற்றிச் சொல்வதைவிடப் பிரசவ அறையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. கண்காணிப்பு இல்லாமல் 'வலி ஏத்துற' டிரிப் போடுவது, குழந்தையின் இதயத் துடிப்பை அரைமணிக்கு ஒருமுறைகூடக் கேட்காமல் விடுவது, பிரசவத்தின் போக்கை அவ்வப்போது குறிக்க வேண்டிய பார்ட்டோகிராஃப் தாளைப் பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்புவது. இவை எதுவும் குழந்தை இறப்பு அட்டவணைகளில் ஒரு வரியாக வருவதில்லை.

கிருமி, சர்க்கரை, சொந்தத்தில் திருமணம்

தெற்காசியாவில் எச்.ஐ.இ.க்கு அடுத்தபடியாகக் கொல்வது கிருமித்தொற்று. குறிப்பாக மூளைச்சவ்வு அழற்சி. பிறந்த சில நாள் கழித்து, அதுவரை நன்றாக இருந்த குழந்தை பால் குடிக்க மறுத்து, உடம்பு சில்லிட்டு, பிறகு வலிப்பு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இந்த வயதில் காய்ச்சல் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைத் தொற்றை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த டெனிஸ் ஆய்வில் முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டர் (22%), கிளெப்சியெல்லா (17%), ஈ.கோலை (14%). பெரும்பாலானவை பல மருந்துகளுக்கு அடங்காதவை. மேலைநாட்டுப் பாடப்புத்தகம் சொல்லும் கிருமி வேறு, நம் வார்டில் இருக்கும் கிருமி வேறு. புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கும் ஆண்டிபயாட்டிக் இங்கே பலிக்காமல் போவது உண்டு. குழந்தையின் நிலை மோசம் என்று முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் சகஜம். தள்ளிப்போட்ட குழந்தை இறந்துவிட்டால், கணக்கேட்டில் 'செப்சிஸ்' என்று மட்டும் ஏறும்; மூளைச்சவ்வு அழற்சியின் பங்கு குறைவாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

ஒரு காலத்தில் இந்தப் பட்டியலின் தலையில் இருந்தது தொப்புள்வழி வரும் டெட்டனஸ். நினைவு மாறாமலே உடல் வில்லாக விறைக்கும் அந்த நோயைச் சரியான பொருளில் வலிப்பு என்று சொல்ல முடியாது. மக்கள் அப்படித்தான் பார்த்தார்கள். கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் அதை விரட்டின. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் உறுதிசெய்யப்பட்டது.

ரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு வகை. இதில் வலிப்பு வரும் குழந்தை சாக வேண்டிய அவசியமே இல்லை. எடை குறைந்த குழந்தை, நீரிழிவுத் தாயின் குழந்தை, பால் கிடைக்கத் தாமதமான குழந்தை என்று யாருக்கு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். நம் பக்கத்தில் 'சேனை' வைக்கும் பழக்கம் உண்டு. குடும்பத்தில் நல்ல பேர் எடுத்தவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் நாக்கில் வைப்பார். அந்தச் சொட்டுச் சர்க்கரை குழந்தையின் தேவைக்கு எந்த மூலைக்கு? சடங்குக்காக ஆள் வரும்வரை சீம்பால் தள்ளிப்போவதுதான் உண்மையான இழப்பு. கால்சியம் குறைவால் வரும் வலிப்பு இதைவிடச் சாதுவானது. முதல் வாரக் கடைசியில், தாய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் கொடுக்கப்பட்ட குழந்தைக்கு, அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் காரணமாக வருவது. கால்சியம் ஏற்றினால் நின்றுவிடும். பிறகு பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. பிறந்தவுடன் போடவேண்டிய வைட்டமின் கே ஊசி விடுபட்டதால் மூளைக்குள் ரத்தம் கசிந்து வரும் வலிப்பு மட்டும் அப்படிச் சுலபமாக விடாது.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, குழந்தை நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போனால், பிறவி வளர்சிதைக் கோளாறுகளை நினைக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் தலைகாட்டும். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் இன்னும் நிறைய நடக்கும் தமிழ்நாட்டில், தேசியக் குடும்பநல ஆய்வின்படி நான்கில் ஒன்றுக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்தில்தான். எனவே, "முன்னாடி ஒரு குழந்தை இதே மாதிரி பிறந்து நாலு நாளில் போயிடுச்சு" என்று பாட்டி சொல்லும் ஒரு வாக்கியம் எந்த ஸ்கேனைவிடவும் பயன்படும். அதை யாரும் கேட்பதில்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டமும் இருப்பதில்லை. இந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு முழுதாகக் கட்டுப்படுத்தக்கூடியவை. பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினுக்கு மட்டுமே அடங்கும் வலிப்பு 1954இலேயே விவரிக்கப்பட்டது. வேறெந்த மருந்துக்கும் அடங்காத குழந்தை 100 மில்லிகிராம் பைரிடாக்சினில் அடங்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் இறக்கும். மரபணுக் காரணங்களின் மறுமுனையில், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிறந்த முதல் வாரத்தில் வலிப்பு வந்து தானாகவே போய்விட்ட குடும்பங்களும் உண்டு. அங்கே குழந்தை வலிப்புக்கு நடுவே நன்றாகப் பால் குடிக்கும்.

பெட்டிக்குள் இருப்பவர்கள்

குறைமாதக் குழந்தைகளைப் பற்றி நீளச் சொல்ல ஒன்றுமில்லை, எண்கள் தெளிவானவை. மாதம் குறையக் குறைய வலிப்பும் கூடும், வலிப்பு வந்தவர்களில் இறப்பும் கூடும். மூளையின் உள்ளறைகளை ஒட்டிய மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழிந்து கசிவது இவர்களின் தனிப் பிரச்சினை. கசிவு அறைகளை நிரப்பி மூளைத் திசுவுக்குள்ளும் இறங்கிவிட்டால், வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஆபத்து கடுமையானது. 'பெட்டியில வச்சிருக்காங்க' என்று வெளியே உறவினர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த 900 கிராம் குழந்தைக்கு நுரையீரலும் குடலும் தோலும் எல்லாமே முற்றாதவை. வலிப்பு அந்த வரிசையில் ஒன்று.

ஆண், பெண் கணக்கு மட்டும் ஒரு சிறு நிறுத்தம் கேட்கிறது. உயிரியல்படி ஆண் குழந்தைதான் பலவீனமானது. நம் எஸ்.என்.சி.யூ.க்களில் (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகளில்) அனுமதிக்கப்படுவோரிலும் ஆண் குழந்தைகளே கூடுதல். இதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, பெண் குழந்தையை ஆட்டோ பிடித்து அழைத்துவராத வீடுகளின் பங்கு எவ்வளவு என்பதை மருத்துவமனைப் பதிவேட்டால் சொல்ல முடியாது.

வலிப்பே கொல்கிறதா?

இதுதான் துறைக்குள் நீண்டநாள் நடக்கும் சண்டை. 2016ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, காரணம் எதுவானாலும் வலிப்பின் சுமை கூடியவர்களிடம் மரணமும் கூடுகிறது என்று கண்டது. ஏழும் அதற்கு மேலும் வலிப்புகள் பதிவானவர்கள் 59%. வலிப்பு நிற்காமல் தொடர்ந்த நிலைக்குப் போனவர்கள் 16%. எச்.ஐ.இ. குழந்தைகளிடம் அயர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று, ஒரு மணி நேரத்தில் 13 நிமிடத்துக்கு மேல், அல்லது மொத்தம் 40 நிமிடத்துக்கு மேல் மின்வலிப்பு நீடித்தால் விளைவு மோசமாகிறது என்று எல்லை காட்டியது. இந்த ஆதாரங்கள் வலுவானவை. ஆனால் அதிகச் சேதமான மூளைதான் அதிக வலிப்பை உண்டாக்கும். சுமை காரணமா, விளைவா என்று இவற்றால் முழுதாகப் பிரிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் ஈ.ஈ.ஜி.யில் மட்டும் தெரியும் வலிப்பையும் விரட்டி விரட்டி மருத்துவம் செய்தால் மரணமும் ஊனமும் குறையுமா என்று பார்த்த நெஸ்ட் ஆய்வு (2021) எந்த நன்மையையும் காட்டவில்லை.

மருந்தின் கதையும் தலைநிமிர்ந்து சொல்லும்படி இல்லை. 1999இல் ஃபீனோபார்பிட்டோனையும் ஃபெனிட்டாயினையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்கள். முதலாவது 43%, இரண்டாவது 45% குழந்தைகளிடம் மட்டுமே வலிப்பை அடக்கியது. பெரியவர்களின் மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள், பிறந்த குழந்தையின் நரம்புச் செல்லில் உள்ள மிகுதியான குளோரைடு காரணமாகத் தூண்டிவிடவும் செய்யும். காபா வழியே செயல்படும் ஃபீனோபார்பிட்டோன் பாதிப் பேரிடம் பலிக்காமல் போவதற்கு இது ஒரு விளக்கம். அந்தக் குளோரைடைக் குறைக்கலாம் என்று ஐரோப்பாவில் பியூமெட்டனைடு கொடுத்துப் பார்த்த ஆய்வு, 14 குழந்தைகளோடு பாதியில் நிறுத்தப்பட்டது. பிழைத்த 11 பேரில் மூவருக்குக் காது கேட்கவில்லை. புதிய மருந்தான லெவெட்டிராசெட்டம் 2020இல் வந்த ஒப்பீட்டில் 28% குழந்தைகளிடம் வேலை செய்தது, பழைய ஃபீனோபார்பிட்டோன் 80%. நூறாண்டைத் தாண்டிய அந்தப் பழைய மருந்தே இன்றும் உலக அளவில் முதல் பரிந்துரை.

ஃபீனோபார்பிட்டோனிடம் ஒரு கள்ளத்தனமும் உண்டு. கை கால் அசைவு நின்றுவிடும். மூளைக்குள் மின்வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வெறுங்கண்ணால் பார்ப்பவருக்குக் குழந்தை தேறிவிட்டது. அயர்லாந்தின் கார்க் நகரில் 2008இல் வெளியான ஆய்வு இந்த இடைவெளியை அளந்தது. ஈ.ஈ.ஜி.யில் பதிவான 526 வலிப்புகளில் உடலில் ஏதாவது தெரிந்தது 34% மட்டுமே. ஊழியர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 9%. அவர்கள் வலிப்பு என்று குறித்த 177 அசைவுகளில் 129 வலிப்பே இல்லை. குளிரிலோ பசியிலோ நடுங்கும் குழந்தையின் கையைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு நிற்காது என்பது பழைய பாடம். அனுபவசாலிகளின் கண்ணும் இவ்வளவு தவறும்போது, ஈ.ஈ.ஜி. இல்லாத மருத்துவமனைகளில் செய்யப்படும் ஆபத்துக் காரணி ஆய்வுகளைக் கொஞ்சம் ஒதுங்கி நின்றே படிக்க வேண்டும். நம் நாட்டு ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த வகை. அவற்றில் வலிப்பு இல்லாத சிலர் உள்ளே இருப்பார்கள், வலிப்பு உள்ள பலர் வெளியே இருப்பார்கள்.

கட்டிலருகே பத்து நிமிடம், சாலையில் இரண்டு மணி நேரம்

மாவட்ட மருத்துவமனை எஸ்.என்.சி.யூ. ஒன்றில், வார்மருக்குக் கீழே மூன்று கிலோ குழந்தைக்கு நள்ளிரவில் வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் முதலில் தலையை நேராக்கிச் சளியை உறிஞ்சி ஆக்சிஜன் வைக்கிறார். குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டர் பட்டை. 40க்குக் கீழே காட்டினால் 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி, மொத்தம் 6 மில்லி, நரம்பில். பிறகும் நிற்கவில்லை என்றால் கால்சியம் குளுக்கோனேட், நீர்த்துப்போகச் செய்து, பத்து நிமிடம் மெல்ல மெல்ல, இதயத் துடிப்பைக் காதால் கேட்டுக்கொண்டே. நரம்பிலிருந்து வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். அதற்கும் அடங்காவிட்டால் ஃபீனோபார்பிட்டோன் கிலோவுக்கு 20 மில்லிகிராம், இந்தக் குழந்தைக்கு 60, இருபது நிமிடத்தில். அவசரப்பட்டு ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அப்போது வென்டிலேட்டர் வேண்டும். வலிப்பு வந்த குழந்தைகளில் 'வென்டிலேட்டர் தேவைப்பட்டது' என்ற ஆபத்துக் காரணியில் ஒரு பங்கு இப்படி ஊசிக்குழாயின் வேகத்தால் உண்டானது.

இத்தனைக்கும் ஒரு நர்ஸ் வேண்டும். அவர் அந்த இரவில் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எந்த ஆய்விலும் மாறியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. முதல் வலிப்பு வந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் பிந்தைய சுமை குறைகிறது என்பதற்கு ஐரோப்பியத் தரவுகள் உண்டு. கண்டுபிடிக்க ஆள் இருந்தால்தானே ஒரு மணி நேரம் தொடங்கும்? ஈ.ஈ.ஜி.யைக் கணினி வாசித்து எச்சரிக்கும் மென்பொருளை எட்டு மருத்துவமனைகளில் சோதித்த ஆன்சர் ஆய்வில் (2020), வலிப்பு நிகழ்ந்த மணி நேரங்களைச் சரியாகக் கண்டது 45%இலிருந்து 66% ஆக உயர்ந்தது. அதற்கும் முதலில் மின்முனை ஒட்ட வேண்டும்.

'வெளியிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை' என்பது இந்திய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் வரி. அனுப்பப்பட்டதால் யாரும் சாவதில்லை. வழியில் நடப்பதுதான் விஷயம். துணி சரியாகச் சுற்றாமல் வந்த குழந்தை 34 டிகிரியில் வந்து சேர்கிறது. மிகக் குறைந்த எடைக் குழந்தைகளில், அனுமதிக்கும்போது உடல் வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் இறப்பின் வாய்ப்பு 28% கூடுவதாக 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. குளிர்ந்த குழந்தை சர்க்கரையைச் சீக்கிரம் எரித்துத் தீர்க்கிறது. சர்க்கரை இறங்கினால் ஏற்கெனவே அடிபட்ட மூளை இரண்டாவது அடி வாங்குகிறது. புறப்படும் முன் சர்க்கரை பார்த்து, முதல் டோஸ் மருந்தும் முதல் ஆண்டிபயாட்டிக்கும் கொடுத்து, தாயின் மார்போடு சேர்த்து அனுப்பினால் அந்த இரண்டு மணி நேரம் வேறு மாதிரி கழியும். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் பச்சிளங்குழந்தை இறப்பு 1,000க்கு 20, தமிழ்நாட்டில் 9. மருத்துவமனைப் பிரசவம், தாலுகா அளவிலான அவசர மகப்பேறு மையங்கள், எஸ்.என்.சி.யூ.க்கள், 108 ஆம்புலன்ஸ் என்று பல கைகள் சேர்ந்த வேலை இது. எஞ்சிய 9இல் கணிசமானவர்கள் எடை குறைந்தவர்களும் அழாமல் பிறந்தவர்களும்தான்.

மதிப்பெண் போடுவது

இத்தாலியின் பார்மா நகரத்துப் பிசானி குழுவினர் 2009இல் 106 குழந்தைகளின் விவரங்களிலிருந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். எடை, முதல் நிமிட ஆப்கார், வலிப்பு தொடங்கியபோதைய நரம்பியல் நிலை, தலை அல்ட்ராசவுண்ட், மருந்துக்கு அடங்கியதா, வலிப்பு தொடர்நிலைக்குப் போனதா என்று ஆறு கேள்விகள். 12க்கு 4 எடுத்தாலே ஆபத்து. ஈ.ஈ.ஜி. நிபுணர் இல்லாத ஊரிலும் ஓரளவு பயன்படும் என்பது இதன் பலம். ஆயினும் கடைசி இரண்டு கேள்விகள் குழந்தையோடு மருத்துவமனையையும் சேர்த்தே மதிப்பிடுகின்றன.

முன்கணிப்பில் இன்னொரு பொறியும் உண்டு. மேலைநாடுகளில் ஈ.ஈ.ஜி. தட்டையாகவும் எம்.ஆர்.ஐ. மோசமாகவும் இருந்தால், பெற்றோரோடு பேசி உயிர்காப்புக் கருவிகளை விலக்குவார்கள். அங்கே பதிவாகும் மரணங்களில் கணிசமானவை இப்படி நேர்பவை. பிறகு ஆய்வு, 'தட்டையான ஈ.ஈ.ஜி. மரணத்தை முன்னுரைக்கிறது' என்கிறது. முடிவெடுக்கப் பயன்படுத்தியதே முன்னுரைத்ததாகவும் எண்ணப்படுகிறது. நம் ஊரில் வேறு கதை. பணம் தீர்ந்தோ, நம்பிக்கை தீர்ந்தோ, "வீட்டுக்கே கொண்டு போயிடுறோம் சார்" என்று கையெழுத்துப் போட்டுத் தூக்கிச் செல்லும் குழந்தைகள் உண்டு. அவர்கள் இறந்தவர் பட்டியலிலும் இல்லை, பிழைத்தவர் பட்டியலிலும் இல்லை, ஆய்விலிருந்தே விலக்கப்படுவார்கள். பெரும்பாலும் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் அவர்களே. அந்தப் பெயர்கள் போனபின் எஞ்சும் இறப்பு விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடுத்த ஆய்வைத் திட்டமிடுபவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய கருவி ஒன்றுமில்லை. குழந்தை பிறந்த நேரம், முதல் வலிப்பு கவனிக்கப்பட்ட நேரம், சர்க்கரை பார்த்த நேரம், முதல் மருந்து ஏறிய நேரம் ஆகிய நான்கும் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டு, பிரசவ அறைக் குறிப்போடு ஒரே தாளில் சேர வேண்டும். கையெழுத்துப் போட்டு அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைகளின் வீட்டுக்குக் கிராமச் செவிலியர் போய் வந்து எழுதும் ஒரு வரியும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். எடையும் ஆப்காரும் ஏற்கெனவே எல்லா அட்டவணையிலும் இருக்கின்றன.